பிற்பகல் மூன்று மணிக்கு யார் நீந்துவது?



எங்கள் ஊர் நகராட்சி நீச்சல் குளத்தின் வாயிலிலே ஒரு பலகை தொங்குகிறது. நீலப் பலகை, வெள்ளை எழுத்து, மூன்றே வரிகள்.

ஆடவர்: காலை 6 முதல் 9 வரை, மாலை 4 முதல் 7 வரை.
மகளிர்: பிற்பகல் 3 முதல் 4 வரை.
திங்கள் விடுமுறை.

ஈராண்டுக் காலமாக, வாரத்தில் மூன்று நாள், அந்தப் பலகையைத் தாண்டித்தான் உள்ளே செல்கிறேன். மேடை ஏறி முழங்குபவன், ஏட்டிலே எழுதுபவன், எதையும் எழுத்தெண்ணிப் படிப்பவன் என்று பெயர் எடுத்தவன் நான்! அந்த மூன்று வரியை மட்டும் படிக்காமலே இருந்துவிட்டேன். படிக்க வைத்தவர் என் துணைவியார். அதைச் சொல்லத்தான் இன்று எழுதுகோலை எடுத்திருக்கிறேன்.

"என்னய்யா இது! விலைவாசி விண்ணை முட்டுகிறது, வேலை தேடும் இளைஞன் வீதியிலே நிற்கிறான், நீ நீச்சலைப் பற்றி எழுத வந்துவிட்டாயே!" என்று கேட்கும் தோழர் இருப்பார். கேட்கட்டும், கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் நீச்சல் என்பது சீமான் வீட்டுச் சமாச்சாரம் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? அடுக்குமாடி வளாகங்களைப் பாருங்கள். காவலாளி நிற்கும் வாயிலுக்கு உள்ளே, பளபளக்கும் ஓடு பதித்த குளம். அங்கே வேண்டும்போது இறங்கலாம். வேண்டாதபோது கரையிலே சாய்ந்து பழச்சாறு பருகலாம். அந்தக் குளத்துக்குப் பள்ளம் தோண்டியவன் நம்மவன். ஓடு பதித்தவன் நம்மவன். குழாய் பூட்டியவன் நம்மவன். வேலை முடிந்தது, கூலி வாங்கினான், வெளியேறினான். அவன் உடம்பு நனைய வேண்டுமானால் நகராட்சிக் குளம் ஒன்றுதான் கதி. அதுவும் பலகை சொல்லும் நேரத்திலே!

நான் நீந்தப் பழகியது பம்புசெட்டுக் கிணற்றிலே. முதுகிலே சுரைக்குடுக்கையைக் கட்டி, என் தாய்மாமன் ஒரே தள்ளாகத் தள்ளினார். குடித்த தண்ணீருக்குக் கணக்கில்லை. மூன்றாம் நாள் மிதந்துவிட்டேன். ஆனால் கிணற்று நீச்சல் வேறு, நான் இப்போது செய்வது வேறு. குளத்திலே இதை 'லேப் அடிப்பது' என்பார்கள். ஒரு சுவரைத் தொட்டுத் தொடங்குவது, எதிர்ச் சுவரைத் தொட்டுத் திரும்புவது, மறுபடி தொடங்குவது. கும்மாளம் இல்லை, குதியாட்டம் இல்லை. 25 மீட்டர் குளத்திலே 40 முறை கடந்தால் ஒரு கிலோமீட்டர். என்னைப் போன்ற நடுத்தர நீச்சல்காரனுக்கு அரை மணி நேரம் பிடிக்கும். வீரம் ஒன்றும் இல்லை. 1994ஆம் ஆண்டிலே, பன்னிரண்டே வயதான சென்னைச் சிறுவன் குற்றாலீஸ்வரன் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தபோது ஊரே கைதட்டிற்று, தட்ட வேண்டியதுதான். நமது தோழன் கால்வாயைக் கடக்கக் கேட்கவில்லை. எதிர்ச் சுவரைத் தொட்டுவிட்டு வேலைக்குப் போகக் கேட்கிறான்.

எதற்காகக் கேட்கிறான்? அரிசி மண்டியிலே மூட்டை தூக்கும் தோழர் ஒருவர் எங்கள் குளத்துக்கு வருகிறார். ஐம்பதை எட்டியவர். முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. நடந்தால் வலி, நின்றால் வலி. உடற்பயிற்சி செய் என்கிறார் மருத்துவர். ஓடினால் முழங்கால் அழுகிறது! கழுத்தளவு நீரிலே நிற்கும்போது உடலின் எடையிலே சுமார் பத்தில் ஒரு பங்குதான் காலின்மீது இறங்குகிறது. மீதியைத் தண்ணீர் தாங்கிக்கொள்கிறது. முப்பதாண்டுக் காலம் ஊரார் மூட்டையைத் தாங்கியவரைத் தாங்க, அந்த ஊரிலே தண்ணீர் ஒன்றுதான் முன்வந்தது! உலக நலவாழ்வு நிறுவனம் 2020ஆம் ஆண்டிலே வெளியிட்ட வழிகாட்டுதல், வயதுவந்த ஒவ்வொருவருக்கும் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்புப் பயிற்சி வேண்டும் என்கிறது. வாரம் மூன்று நாள், நாளுக்கு ஐம்பது நிமிடம். அவ்வளவுதான் கணக்கு. அதே நிறுவனம் இன்னொரு கணக்கையும் தருகிறது: 2021ஆம் ஆண்டிலே உலகெங்கும் நீரில் மூழ்கி மாண்டோர் சுமார் 3 லட்சம் பேர். நீந்தத் தெரிந்த தாய் தன் பிள்ளைக்கும் கற்றுக்கொடுப்பாள் என்பதை விளக்க வேறு புள்ளிவிவரம் தேவையா?

மூன்று நாள், ஐம்பது நிமிடம்! சொல்லும்போது எவ்வளவு எளிது! எங்கள் ஊர் நூற்பாலைத் தோழனின் வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் காலை 6 முதல் 2 வரை ஷிப்ட். இரண்டாம் வாரம் 2 முதல் 10 வரை. மூன்றாம் வாரம் இரவு 10 முதல் காலை 6 வரை. முதல் வாரம் அவனுக்கு ஏற்றது மாலை நேரம். இரண்டாம் வாரம் காலை நேரம். மூன்றாம் வாரம், இரவெல்லாம் விழித்து, பஞ்சுத் தூசியோடு ஏழு மணிக்கு வந்து நிற்பான். சரி, மாறி மாறி வரட்டுமே என்பீர்கள். வர முடியாது! மாதச் சீட்டு வாங்கும்போதே எந்த முறை என்று எழுதிவிடுகிறார்கள். காலை ஆறு மணி முறைக்குச் சீட்டு வாங்கியவன் மாலை நான்கு மணிக்கு வந்தால் வாயிலிலே நிறுத்துகிறார்கள். ஆலை வாரத்துக்கு ஒருமுறை அவன் நேரத்தை மாற்றும்; குளம் மாதம் முழுவதும் மாற்றாது. இரண்டுக்கும் நடுவே அவன்! மாதத்துக்குப் பணம் கட்டி, பத்து நாள் நீந்தி, "சோம்பேறி, பாதியிலே விட்டுவிட்டான்" என்ற பட்டத்தையும் வாங்கிக்கொண்டு போகிறான்.

உள்ளே நுழைந்துவிட்டால் மட்டும் ஒரு மணி நேரமும் அவனுடையதா? வரிசை, சீட்டில் முத்திரை, குளித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்ற விதி. அது நல்ல விதி, நான் ஆதரிக்கிறேன். கடைசிப் பத்து நிமிடம் விசில். மிஞ்சுவது நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடத்திலே குளத்தின் குறுக்கே கயிறு கிடையாது, தடம் கிடையாது. தந்தை பிள்ளையின் வயிற்றைத் தாங்கிக் குறுக்கே நடக்கிறார். நான்கு மாணவர்கள் பந்து எறிகிறார்கள். அவர்கள்மீது எனக்குக் கோபமில்லை, விளையாடத்தான் பிள்ளைகள். ஒரு ஓரமாக ஒரு கயிறு கட்டி, 'இந்தப் பக்கம் நேராக நீந்துவோருக்கு' என்று எழுதிவைத்தால் எல்லோருக்கும் இடம் உண்டு. கயிறு என்ன விலை?

நேரம் என்றால் சும்மா கிடைத்ததா நமக்கு? 1918ஆம் ஆண்டிலே சென்னைத் தொழிற்சங்கம் பிறந்தபோது, பி அண்டு சி ஆலைத் தொழிலாளர் சொன்ன குறைகளுள் ஒன்று என்ன தெரியுமா? நண்பகல் உணவு இடைவேளை போதவில்லை என்பது! சோற்றை விழுங்க நேரமில்லாத கொடுமையும் சேர்ந்துதான் அந்தச் சங்கத்தை எழுப்பிற்று. 1923 மே முதல் நாள் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையிலே மே நாள் கொண்டாடினார். எட்டு மணி நேர வேலை என்பதுதான் மே நாளின் மூலமுழக்கம். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு கட்டிற்று. 2023 ஏப்ரலில் நமது மாநிலத்திலே, நாளுக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க இடம் தரும் திருத்தம் சட்டமன்றத்திலே நிறைவேறியபோது, தொழிற்சங்கங்கள் பொங்கின. தோழமைக் கட்சிகள் எதிர்த்தன. மே நாளன்று அது திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் அறிவித்தார். திரும்பப் பெற்றது பெருமை. கொண்டுவந்தபோதே நாம் இன்னும் உரக்கப் பேசியிருக்கலாம் என்பது என் கருத்து. அது கிடக்கட்டும். நான் கேட்பது இதுதான்: எட்டு மணி நேரம் உழைப்பு, எட்டு மணி நேரம் உறக்கம் என்று எண்ணிவிட்டு, மிச்சமுள்ள எட்டு மணி நேரம் எங்கே போயிற்று என்று எத்தனை பேர் தேடியிருக்கிறோம்?

இங்கிலாந்திலே 1846ஆம் ஆண்டிலே பொதுக் குளியலகங்களுக்கென்று ஒரு சட்டம் வந்தது. ஊர் வரிப் பணத்திலே குளியலகம் கட்டலாம். உழைக்கும் மக்களிடம் குளிர்நீர்க் குளியலுக்கு ஒரு பென்னிக்கு மேல் வாங்கக் கூடாது. 1878ஆம் ஆண்டுச் சட்டம் மூடிய நீச்சல் குளங்கள் கட்டவும் வழி செய்தது. நல்ல சட்டங்கள்தான். ஆனால் கட்டிய குளங்களிலே நடந்ததைக் கேளுங்கள். வடிகட்டும் இயந்திரம் வராத காலம். தண்ணீரை நிரப்பினால் பல நாள் அதே தண்ணீர்தான். புதுத் தண்ணீர் நிரப்பிய நாளிலே கட்டணம் அதிகம். நாளாக ஆக, தண்ணீர் கலங்கக் கலங்க, கட்டணம் குறையும். சுத்தமான நாள் காசுள்ளவனுக்கு, கலங்கிய நாள் காசில்லாதவனுக்கு! இன்று வடிகட்டி வந்துவிட்டது; தண்ணீர் எந்நாளும் தெளிவாக இருக்கிறது. கலங்கியது தண்ணீர் அல்ல இப்போது, நேரம். நல்ல நேரம் ஒருவனுக்கு, உதவாத நேரம் இன்னொருவனுக்கு!

தண்ணீரைச் சுற்றி வேலி போடுவது நமக்குப் புதிதல்ல. பொதுக் கிணறும் பொதுக் குளமும் பொதுச் சாலையும் எல்லோருக்கும் உரியவை என்று 1924ஆம் ஆண்டிலே இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்திலே தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. 1927ஆம் ஆண்டிலே மகாத் நகரின் சவுதார் குளத்திலே ஒரு கை நீர் அள்ளிப் பருக அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரோடு அணிவகுத்துச் செல்ல வேண்டியிருந்தது. கடல் கடந்த அமெரிக்காவிலே, ஜாக்சன் என்னும் நகரம், கறுப்பின மக்களோடு சேர்ந்து நீந்துவதைவிடக் குளங்களை மூடிவிடுவதே மேல் என்று மூடிற்று. அது செல்லும் என்று 1971ஆம் ஆண்டிலே அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ஐவர் ஒருபுறம் நால்வர் மறுபுறமாகத் தீர்ப்பளித்தது. எங்கள் ஊர்ப் பலகையை அந்தக் கொடுமைகளோடு நான் ஒப்பிடவில்லை. அது பெரும் பிழையாகும். எங்கள் பலகையை எழுதியவர் யாரையும் வெறுத்து எழுதவில்லை. யாரையும் நினைத்தும் எழுதவில்லை! வெறுப்பு தேவையே இல்லை, தோழர்களே. மறதியே போதும், கடிகாரம் காவல் காத்துவிடும்.

எப்படி என்பதை இப்போது சொல்கிறேன்.

என் வேலை இரவு வேலை. ஏடு அச்சுக்குப் போய்ச் சேர ஒரு மணி ஆகும். வீடு வந்து படுத்தால் நான்கு மணி நேர உறக்கம். ஐந்தே முக்காலுக்கு எழுந்து மிதிவண்டியிலே குளத்துக்கு. ஏழே கால் மணிக்கு வீடு திரும்பினால் சூடான இட்லி, மடித்த சட்டை, பள்ளிக்குப் புறப்பட்டு நிற்கும் பெண் பிள்ளை. "உழைப்பும் உண்டு, குடும்பமும் உண்டு, நீச்சலும் உண்டு, மனம் இருந்தால் நேரம் இருக்கும்" என்று நான்கு நண்பர்களிடம் பெருமை பேசியிருக்கிறேன். ஒரு தொழிலாளர் கூட்டத்திலே மேடையிலும் பேசினேன். கைதட்டல்கூடக் கிடைத்தது!

என் துணைவியார் ஒரு துணிக்கடையிலே விற்பனைப் பெண். காலை ஒன்பதரைக்குப் போனால் இரவு எட்டரை. கடைத் தொழிலாளர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021ஆம் ஆண்டிலே தமிழக அரசு சட்டம் செய்தது; நமது ஏட்டிலே நான்தான் அதைப் பாராட்டிப் பத்தி எழுதினேன். அவருடைய கடையிலும் நாற்காலி வந்தது. ஆனால் பண்டிகைக் காலத்திலே நாற்காலி இருக்கும், உட்கார நேரம் இருக்காது. கால் வீங்கிப் போய் வீடு வருவார். மண்டித் தோழரின் முழங்காலைப் பற்றி ஒரு நாள் இரவு நான் உருக்கமாக விவரித்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் எடையைத் தாங்கும் அருமையை எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே சுடுநீரிலே காலை வைத்திருந்தவர், நிமிர்ந்து பார்த்தார்.

"ஏங்க, உங்க குளத்துல எனக்கு எப்பங்க மணி?"

"மூன்று மணிக்கு" என்றேன். சொல்லி முடிக்கும் முன்பே நாக்கு தடுமாறிற்று.

"மூணு மணிக்கு நான் எங்கங்க இருப்பேன்?"

பதில் இல்லை என்னிடம்.

"காலையில ஆறு மணி உங்களுக்கு எங்கேருந்து வந்துச்சு தெரியுமா? நான் நாலரைக்கு எழுந்திரிக்கிறேனே, அதுலேருந்து வந்துச்சு."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு விளக்கை அணைத்துப் படுத்துவிட்டார். எனக்குத்தான் உறக்கம் வரவில்லை. ஈராண்டுக் காலம், வாரம் மும்முறை, நான் 40 'லேப்' நீந்தியிருக்கிறேன்; ஒவ்வொரு 'லேப்'புக்கும் கட்டணம் அடுப்படியிலே செலுத்தப்பட்டிருக்கிறது! பெண்ணுரிமை பற்றி நான் பேசிய கூட்டங்கள் எத்தனை? எண்ணிப் பார்த்தேன், நூறுக்குக் குறையாது. அந்த நூறு கூட்டத்துக்கும் நான் சட்டை தேய்த்துப் போட்டுக்கொண்டு போனதில்லை. தேய்த்துக் கொடுத்திருந்தார்கள்.

அடுத்த வாரமே வீட்டிலே ஓர் ஏற்பாடு செய்தோம். செவ்வாய், வியாழன் இரண்டு நாள் காலை அடுப்பு என் பொறுப்பு. பிள்ளையைப் பள்ளியிலே விடுவதும் என் பொறுப்பு. தொடக்கத்திலே தோசை ஒட்டிற்று, சட்னியிலே உப்பு ஏறிற்று. பெண் பிள்ளை, "அப்பா, நீங்க எழுதவே போயிடுங்க" என்றாள். ஒரு மாதத்திலே கை பழகிவிட்டது. நமது ஆண் தோழர்கள் நினைப்பதுபோல் அது பெரிய வித்தை அல்ல. அன்றாடம் செய்ய வேண்டியது என்பதுதான் அதன் கடினம்.

ஆக, அவருக்கு வாரத்திலே இரண்டு காலை கிடைத்தது. கிடைத்த காலையிலே எங்கே போவது? குளத்துக்குப் போனால் ஆறு முதல் ஒன்பது வரை ஆடவர்! வீட்டுக் கதவைத் திறந்தேன்; குளத்துக் கதவு மூடியிருந்தது. தனியொருவன் வீட்டைத் திருத்தலாம், பலகையைத் திருத்த முடியாது. அதற்கு ஊர் வேண்டும்.

மகளிர் நேரம் பிற்பகல் மூன்று என்று முடிவு செய்தவர் மனத்திலே எந்தப் பெண் இருந்திருப்பாள்? சமையல் முடித்து, உண்டு, ஓய்ந்து, வீட்டிலே இருக்கும் பெண். அவள்கூட மூன்று மணிக்கு வர முடியாது. மூன்றரைக்குப் பள்ளி விடுகிறது, பிள்ளையை அழைக்க வாயிலிலே நிற்பாள்! துணிக்கடைப் பெண் நிற்கிறாள், தையல் ஆலைப் பெண் இயந்திரத்திலே இருக்கிறாள், செவிலி பணியிலே இருக்கிறாள், சித்தாள் சாரத்திலே இருக்கிறாள். உச்சி வெயிலோ மண்டையைப் பிளக்கிறது. நான் ஒரு நாள் வேண்டுமென்றே மூன்று மணிக்குப் போய் வாயிலுக்கு வெளியே மரத்தடியிலே நின்று எண்ணினேன். உள்ளே சென்றவர் நான்கு பேர். "பெண்கள் வருவதில்லை, ஆகவே ஒரு மணி நேரமே அதிகம்" என்று குளத்து அலுவலர் சொன்னார். கதவை உறங்கும் நேரத்திலே திறந்துவைத்துவிட்டு, விருந்தாளி வரவில்லை என்று குறைப்படும் வீட்டுக்காரரைப் போல!

ஐஸ்லாந்து என்று ஒரு நாடு. குளிர் நாடு, பனி பொழியும் நாடு. கடலுக்குப் போன மீனவர் பலர் நீந்தத் தெரியாமல் மாண்ட கொடுமையைக் கண்ட நாடு. அங்கே 1940 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்கு நீச்சல் கட்டாயப் பாடம். நிலத்தடி வெந்நீரைக் குளத்திலே பாய்ச்சுகிறார்கள். தலைநகர் ரெய்க்யவிக்கின் பெரிய குளம் வேலை நாட்களில் விடியலிலே திறந்து இரவு பத்து மணிக்கு மூடுகிறது. வேலைக்கு முன்னால் வருபவன் வரலாம். வேலை முடிந்து வருபவளும் வரலாம். பனி பெய்யும் ஊரிலே அது முடிகிறது. ஆண்டிலே பத்து மாதம் வெயில் காயும் நம் ஊரிலே, இரவு ஏழு மணிக்குக் குளத்தைப் பூட்டி வைக்கிறோம்!

நமக்குக் கடல் இருக்கிறதே என்று சொல்லாதீர்கள். மெரினாவிலே இறங்காதே என்று காவல்துறை தடுக்கிறது. தடுப்பது சரியே, அலையும் நீரோட்டமும் எத்தனையோ இளைஞரை வாரிக்கொண்டு போயிருக்கின்றன. உழைப்பாளர் சிலை நிற்கும் அதே கடற்கரைச் சாலையிலேதான் மாநகராட்சியின் நீச்சல் குளமும் இருக்கிறது. ராய் சௌத்ரி வடித்து 1959ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட அந்தச் சிலையின் நால்வரும் பாறையை நெம்பியபடியே நிற்கிறார்கள். அவர்கள் கைகழுவிவிட்டு வரும் நேரத்தைக் கேட்டுத்தான் எந்த ஊர்க் குளமும் திறக்கவும் மூடவும் வேண்டும்.

"செலவாகுமே" என்கிறார்கள். ஆகும். ஆனால் ஒன்று தெரியுமா? நீரைச் சுழற்றி வடிகட்டும் பம்பு, ஆள் நீந்தினாலும் நீந்தாவிட்டாலும் பல மணி நேரம் ஓடியே ஆக வேண்டும். இல்லையேல் தண்ணீர் பச்சை பிடிக்கும். குளம் மூடியிருக்கும் நேரத்திலும் மின்கட்டணம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. உண்மையான செலவு உயிர்காப்பாளருக்குத்தான். அந்தத் தோழரும் தொழிலாளி. காலை ஆறுக்கு வந்தவரையே இரவு பத்து வரை நிற்கவைத்து நமக்கு நேரம் வாங்கிக்கொள்வது அநீதி. இரண்டாவது ஷிப்டுக்கு வேறு ஆள் போடுங்கள். அதிலே ஒரு பெண்ணுக்கும் பயிற்சி கொடுத்து வேலை கொடுங்கள். அதைச் சேர்த்துத்தான் கேட்கிறோம். ஒருவன் நேரத்தைப் பறித்து இன்னொருவனுக்குக் கொடுப்பதை என் வீட்டிலேயே பார்த்துவிட்டேன், போதும்.

மனு எழுதியாயிற்று. மகளிர்க்குக் காலையிலே ஒரு மணி, இரவு எட்டரைக்கு மேல் ஒரு மணி, ஞாயிறு காலை முழுவதும். ஷிப்டுக்குப் போகிறவனுக்கு எந்த முறையிலும் செல்லும் மாதச் சீட்டு. நேராக நீந்த ஓர் ஓரத்திலே கயிறு. பழுதுபார்க்க மூடுவதானால் ஒரு வாரம் முன்பே அறிவிப்பு. பெரியவர்களுக்கும் நீச்சல் கற்றுத்தர ஓர் ஆசிரியை. மண்டித் தோழர் கையெழுத்திட்டார். ஆலைத் தோழர்கள் இட்டார்கள். "அப்படியானால் காலையிலே எங்களுக்கு ஒரு மணி குறையுமே" என்று ஆடவர் சிலர் முணுமுணுத்தார்கள். குறையும் என்றேன். எனக்கும்தான் குறையும்.

துணிக்கடையிலே மதிய உணவு வேளையில் என் துணைவியார் தாளைக் கொண்டுபோய் 31 கையெழுத்து வாங்கிவந்தார். முதல் கையெழுத்து அவருடையது. வருகிற திங்கட்கிழமை மனுவோடு போகிறோம். குளத்துக்கு விடுமுறை, நகராட்சி அலுவலகத்துக்கு இல்லை. தாளைப் பார்த்த குளத்து அலுவலர், முதல் பெயரைச் சுட்டி, "இந்த அம்மாவுக்கு நீச்சல் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாது சார்" என்றார் அவர். "அதுக்குத்தானே கையெழுத்து."